எனக்கு முன்னால் கிளம்பிய பை

1

வியாழக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு நேர்முகத் தேர்வு என்று கடிதத்தில் போட்டிருந்தது. படித்தவுடன் எனக்குத் தேர்வு ஞாபகம் வரவில்லை, ராகு காலம்தான் வந்தது. வியாழன் என்றால் ஒன்றரைக்கு ஆரம்பித்து மூன்றுக்கு முடியும். நட்ட நடுவில் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

கடிதத்தை மடித்து அரிசி டப்பாவின் மேல் வைத்தேன். பிறகு எடுத்து இன்னொரு முறை படித்தேன். நேரம் மாறியிருக்கவில்லை.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பாரிஸுக்கு வடக்கே ஒரு புறநகரில், நான்காவது மாடியில், நான், வீட்டுக்காரர், பதினொரு வயது மகள் அமுதா மூவரும் இருக்கிறோம். நான் காரைக்கால் பக்கம் குரும்பகரத்துப் பெண். வீட்டுக்காரருக்கு விழிதியூர். எழுபத்து நாலில் இங்கே வந்தேன். அவருக்கு ஒரு டயர் கிடங்கில் வேலை. எனக்கு, வயதானவர்கள் தங்கியிருக்கும் ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை. ஊரில் விசாரிப்பவர்களிடம் "ஆஸ்பத்திரியில் வேலை" என்று பாதியோடு அப்பா நிறுத்திக்கொள்வார். கேட்பவர்கள் மீதியைத் தாங்களே நிரப்பி என்னை நர்ஸ் ஆக்கிவிடுவார்கள்.

நர்ஸ் ஆக முடியாவிட்டாலும் நர்ஸுக்கு உதவியாளர் ஆகலாம். நோயாளியைக் குளிப்பாட்டுவது, நடத்திக் கூட்டிப்போவது, சாப்பிட வைப்பது எல்லாம் அவர்கள் வேலை. அதற்கு ஒரு வருடப் பயிற்சி உண்டு. பயிற்சியில் சேர்வதற்குத்தான் இந்தத் தேர்வு. எங்கள் மேற்பார்வைக்காரி மதாம் லூசி போன வருடமே என் பெயரைக் கொடுப்பதாகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் யோசித்து முடிப்பதற்குள் அந்த வருடம் முடிந்துவிட்டது.

இந்த வருடம் அவர் என்னைக் கேட்கவே இல்லை. பெயரைக் கொடுத்துவிட்டு வந்து சொன்னார். இந்த முறையும் நான் போகாவிட்டால் அடுத்த வருடம் அந்த இடத்துக்கு வேறொருத்தியின் பெயர்தான் போகும், அப்புறம் தன்னைக் குறை சொல்லக் கூடாது என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொன்னதைச் செய்கிறவர்.

2

இந்தப் பயிற்சி எனக்கு ஏன் வேண்டும் என்பதைச் சொன்னால்தான் நான் பட்ட பாடு புரியும்.

போன வருடம் எனக்கு உதிரப் போக்கு நிற்காமல் இருந்தது. டாக்டரிடம் போனேன். வீட்டுக்காரருக்குக் கிடங்கில் லீவு கிடைக்கவில்லை. வழக்கம்போல் அமுதாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வங்கி, பள்ளிக்கூடம், வாடகை ஆபீஸ், மேரி என்று நம் காரைக்கால் பெரியவர்களும் சொல்கிற நகராட்சி ஆபீஸ், எங்கே போனாலும் என் வாய் அவள்தான். அவளுக்கு மூக்கு ஒழுகுகிற வயதிலிருந்து அப்படித்தான்.

அன்று டாக்டர் கேட்டதை அவள் என்னிடம் கேட்க வேண்டியிருந்தது. நான் சொன்னதை அவள் அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது. எத்தனை நாள், எவ்வளவு, கட்டியாக வருகிறதா என்று பத்து வயதுப் பெண் தன் தாயிடம் கேட்கிறாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, டாக்டருடைய மேசைக் காலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். நானும் பாதியை மறைத்துத்தான் பதில் சொன்னேன். பாதி பதிலுக்குப் பாதி வைத்தியம்தான் நடந்தது.

பஸ்ஸில் திரும்பும்போது அவள் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். கூப்பிட்டதற்குப் பிரெஞ்சில் பதில் சொன்னாள். அன்றிலிருந்து வீட்டிலும் அநேகமாகப் பிரெஞ்சுதான். நான் தமிழில் கேட்பேன், அவள் பிரெஞ்சில் சொல்வாள். வெளியே இருந்து பார்த்தால் இரண்டு பேரும் தனித்தனியாகப் பேசிக்கொள்வதாகத் தோன்றும்.

எனக்கு என் வாய் வேண்டும். அதுதான் விஷயம். பயிற்சியில் சேர்ந்தால் தினமும் பேசித்தான் ஆகவேண்டும், எழுதித்தான் ஆகவேண்டும், வேறு வழி இருக்காது. அடுத்த முறை டாக்டர் அறைக்குள் நான் தனியாகப் போவேன். என் பெண் மறுபடி பெண்ணாக இருக்கலாம்.

இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே, பிறகு என்ன யோசனை என்று கேட்பீர்கள். அதுதான் எனக்கும் விளங்கவில்லை.

3

கடிதம் வந்த நாளிலிருந்து என் மண்டைக்குள் நடந்ததை எழுதினால் இந்தப் பத்திரிகை போதாது. கொஞ்சம் மட்டும் சொல்கிறேன்.

முதலில் ராகு காலத்தை ஒரு வழி பண்ணப் பார்த்தேன். இங்கே பிற்பகல் இரண்டு மணி என்றால் காரைக்காலில் மாலை ஐந்தரை. ஊர் நேரப்படி ராகு காலம் எப்போதோ முடிந்துவிட்டது. நான் ஊர்க்காரி, எனக்கு ஊர் நேரம்தானே செல்லும் என்று ஒரு நாள் நிம்மதியாக இருந்தேன். மறுநாள் வேறு சந்தேகம் வந்தது. சூரியன் எங்கே இருக்கிறதோ அந்த ஊர்க் கணக்குத்தானே சரி? அப்படிப் பார்த்தாலும் இங்கே மே மாதத்தில் சூரியன் ஆறு மணிக்கா உதிக்கிறது? மூன்றாம் நாள் நாள்காட்டியைத் திருப்பித் தொங்கவிட்டேன்.

பிறகு பேச்சு. நான் பிரெஞ்சு கற்றுக்கொண்டதே என் மகளிடமிருந்து. அவள் என்னை "நீ" என்று சொல்லும் பிரெஞ்சைத்தான் நான் எல்லோரிடமும் பேசினேன். வாடகை ஆபீஸ் அதிகாரியை "நீ உட்காரு" என்று சொல்லியிருக்கிறேன். ஊரில் பால்காரரைக்கூட "வாங்க" என்று சொல்லிப் பழகிய நாக்கு இது. தேர்வில் மூன்று பெரியவர்களைப் பார்த்து நீ, வா, போ என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்?

தேர்ச்சி பெறாவிட்டால் என்னோடு வேலை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். தேர்ச்சி பெற்றுவிட்டால் இன்னும் மோசம். சமையல் யார் செய்வது, அமுதா பள்ளிவிட்டு வரும்போது கதவு யார் திறப்பது, பரீட்சை எப்படி எழுதுவது, மருந்துப் பெயரை மாற்றிப் படித்து யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டால்? நடக்காத ஒரு தேர்வில் தேறி, சேராத ஒரு வேலையில் சேர்ந்து, முகம் தெரியாத ஒரு கிழவரைக் கொன்று, போலீஸ் வரைக்கும் போய்விட்டேன். இதெல்லாம் வெங்காயம் வதங்குவதற்குள்.

வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"என்னங்க, போகவா வேண்டாமா?"

"உன் இஷ்டம்."

"நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

"போனாலும் நல்லதுதான். போவாட்டியும் ஒண்ணும் கெட்டுப் போயிடாது."

தங்கமான மனிதர். ஆனால் என்னைப் போல் ஒருத்திக்கு இதைவிடக் கெடுதலான பதில் கிடையாது. என்னிடம் ஏற்கெனவே இரண்டு பக்கமும் இருக்கிறது. அவர் தராசின் இரண்டு தட்டிலும் ஒவ்வொரு படி அரிசி போட்டுவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார்.

4

இது எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. மூக்கும் அவருடையதுதான், புத்தியும் அவருடையதுதான்.

அப்பாவுக்கு "பார்ப்போம்" என்ற ஒரு சொல் போதும். நாற்று விடலாமா என்றால் பார்ப்போம். கிணற்றில் தூர் வாரலாமா என்றால் பார்ப்போம். கெட்ட எண்ணம் இல்லை, சோம்பலும் இல்லை. எந்தக் காரியத்திலும் ஒரு தப்பு ஒளிந்திருக்கிறது, அவசரப்படாமல் இருந்தால் அது தானாக வெளியே வந்துவிடும் என்று நம்பினார். காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் கெடு இருந்தது. விழிதியூரில் என் மாமனார் ஒரே நாளில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். என் அப்பா குரும்பகரத்திலிருந்து சைக்கிளில் காரைக்கால் போவார், நாலு பேரிடம் விசாரிப்பார், திரும்பி வருவார். "இந்தப் பக்கமும் நியாயம் இருக்கு, அந்தப் பக்கமும் நியாயம் இருக்கு" என்பார். கெடு முடிந்தபோதும் அவர் யோசித்துக்கொண்டுதான் இருந்தார். வேண்டாம் என்று அவர் முடிவு செய்யவே இல்லை. நாள்தான் அவருக்காக முடிவு செய்தது.

இப்போது அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. காரைக்கால் ஆஸ்பத்திரியில் எடுத்துவிடலாம் என்று சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. அம்மாவின் ஒவ்வொரு கடிதத்திலும் ஒரே வரி வரும்: "அப்பா பார்ப்போம் என்கிறார்." போன கடிதத்தில் கூடுதலாக ஒன்று எழுதியிருந்தார். அப்பா வாய்க்கால் வரப்பில் கால் தவறி விழுந்தாராம். பெரிய அடி இல்லையாம்.

5

ஆனால் என்னை இங்கே அனுப்பி வைத்ததும் அதே அப்பாதான். அது எப்படி நடந்தது என்பதுதான் கடிதம் வந்த வாரத்தில் எனக்குத் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

கல்யாணமாகி வீட்டுக்காரர் முன்னால் வந்துவிட்டார். என் காகிதமெல்லாம் வந்த பிறகும் என் பயணம் தள்ளித் தள்ளிப் போயிற்று. ஆடி மாதம் ஆகாது. ஆவணியில் அப்பாவுக்குக் கனவு சரியில்லை. கடைசியில் விமான நாள் வந்தது. அதற்கு ஊரிலிருந்து செவ்வாய்க்கிழமை கிளம்ப வேண்டும், மெட்ராஸ் வடக்கே இருக்கிறது, செவ்வாயன்று வடக்கே சூலம். அப்பா பஞ்சாங்கத்தை மூடினார். "பார்ப்போம்" என்று சொல்ல வாயெடுத்தார்.

அம்மா முந்திக்கொண்டார். "பரஸ்தானம் வச்சிட்டாப் போச்சு."

இளைய தலைமுறைக்கு இது தெரிந்திருக்காது. கிளம்ப வேண்டிய நாள் நன்றாக இல்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரத்தில் பிரயாணப் பையை மட்டும் எடுத்துக்கொண்டு போய் வேறொருவர் வீட்டில் வைத்துவிடுவது. பை கிளம்பிவிட்டால் ஆள் கிளம்பியதாகக் கணக்கு. பிறகு எந்த நாளில் புறப்பட்டாலும் தோஷமில்லை. ஒரே ஒரு விதி: வெளியே போன பை பயணம் முடியாமல் வீட்டுக்குள் திரும்பக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை நல்ல நேரத்தில் அப்பாவே என் பையைச் சைக்கிளில் கட்டிக் காரைக்காலுக்கு எடுத்துப் போனார். மாதா கோயில் தெருவில் பிலோமின் அக்கா வீடு. எனக்குத் தையல் சொல்லிக் கொடுத்தவர், கோயிலில் பூசை முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். அவர்கள் வீட்டில் இந்த வழக்கமெல்லாம் கிடையாது. ஆனாலும் பையை வாங்கி அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "புள்ள எப்ப வருது?" என்று கேட்டாராம்.

திங்கட்கிழமை சாயங்காலம் எதிர்பார்த்தது நடந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அப்பா வந்து பக்கத்தில் நின்றார்.

"ஒனக்குச் சளி புடிச்சாப்ல இருக்கேம்மா. ரெண்டு வாரம் தள்ளி வச்சிக்கிட்டா என்ன? தந்தி அடிச்சாப் போதும்."

எனக்குச் சளி இல்லை. ஆனால் பயம் நிறைய இருந்தது, சரிப்பா என்று சொல்லத்தான் நானும் நிமிர்ந்தேன். அடுப்படியிலிருந்து அம்மா சத்தம் போடாமல் சொன்னார்:

"பை போயிடுச்சுங்க."

அப்பா நம்புகிற விதி, அவரே சைக்கிளில் கட்டிய பை. பையைத் திரும்பக் கொண்டுவருவதைவிட மகளை அனுப்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப வெள்ளன எழுந்திரு" என்றார்.

6

தேர்வுக்கு முதல் நாள், புதன்கிழமை காலை, ஒன்பதுக்கும் பத்தரைக்கும் நடுவில் நானும் ஒரு பை கட்டினேன். ஒரு புதுப் புடவை, வேண்டாம் என்று எடுத்துவிட்டு ஒரு பாவாடையும் சட்டையும், வேலைச் சான்றிதழ், அழைப்புக் கடிதம், அடையாள அட்டை, பேனா, குளிருக்கு ஒரு ஸ்வெட்டர், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு பேனா. புதன்கிழமை இங்கே பள்ளிக்கூடம் கிடையாது. அமுதா கூடத்தில் படுத்துப் படித்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, எங்கே போகிறாய் என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"எங்கயும் இல்லடி. பை மட்டும் போவுது."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குத் திரும்பினாள்.

எங்கள் கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இல்டா இருக்கிறாள். போர்த்துகல்காரி. என் வயதுதான் இருக்கும், ராத்திரி ஆபீசுகளைச் சுத்தம் செய்யப் போவாள், காலையில் வீட்டில் இருப்பாள். எங்கள் இரண்டு பேருடைய பிரெஞ்சும் ஒரே அளவுக்கு மோசம், அதனால் நன்றாகப் பேசிக்கொள்வோம். அவள் பேசியதை நம் பேச்சாக மாற்றி எழுதுகிறேன்.

கதவைத் திறந்தவளிடம் பையை நீட்டினேன். நாளை எடுத்துக்கொள்கிறேன், வீட்டில் வைக்க முடியாது, வீட்டில் இருக்கக் கூடாது என்றேன். பரஸ்தானத்தை விளக்க என்னிடம் அவ்வளவுதான் பிரெஞ்சு இருந்தது. என் கை வேறு நடுங்கிக்கொண்டிருந்தது. இல்டா என்னைப் பார்த்தாள், மாடிப்படியைப் பார்த்தாள், பையை வெடுக்கென்று வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. நல்லவள் என்று நினைத்துக்கொண்டு மேலே வந்தேன்.

அன்று சாயங்காலம் நான் வேலை முடிந்து வந்தபோது வீட்டுக்காரர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அந்த இல்டாவுக்கு நான் என்ன பண்ணினேன்? வாசல்ல நின்னா. பொன்சுவார்னு வணக்கம் சொன்னேன். மூஞ்சில அறையறாப்ல கதவைச் சாத்துறா."

இருக்கிற கவலை போதாதென்று இதுவும் சேர்ந்துகொண்டது. பை வைத்தது அவளுக்குப் பிடிக்கவில்லையோ. தொந்தரவு கொடுத்துவிட்டேனோ. சரியில்லாத வீட்டில் வைத்த பரஸ்தானம் செல்லுமோ செல்லாதோ.

7

வியாழக்கிழமை காலை எழுந்ததும் முடிவு செய்துவிட்டேன். போக வேண்டாம். நிம்மதி என்றால் அப்படி ஒரு நிம்மதி. மதாம் லூசியிடம் காய்ச்சல் என்று சொல்லிக்கொள்ளலாம். தரை துடைப்பது என்ன கேவலமா? அமுதா வளர்ந்துவிடுவாள், எல்லாம் சரியாகிவிடும். அடுத்த வருடம் பார்ப்போம்.

அந்தச் சொல் என் வாயில் வந்ததை நானே கேட்டேன். கேட்டும் நிற்கவில்லை. வீட்டுக்காரரும் அமுதாவும் போன பிறகு, பதினொரு மணி வாக்கில் கீழே இறங்கிப் போய் இல்டாவின் கதவைத் தட்டினேன்.

"பையைக் கொடு, இல்டா. போகலை. வீட்டுக்கே எடுத்துட்டுப் போறேன்."

அவள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"தர மாட்டேன்."

"ஏன்?"

"என் அக்கா இப்படித்தான் பை கட்டிட்டு வந்து என்கிட்ட வச்சா. மறுநாள் காலைல வந்து, போகலை, திருப்பிக் கொடுன்னா. கொடுத்தேன். அடுத்த வருஷமும் வந்தா. அப்பவும் கொடுத்தேன். இன்னும் அந்த ஆள்கிட்டதான் இருக்கா, பல்லு ரெண்டு இல்லை. உன் பையை நான் கொடுக்க மாட்டேன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நடுங்குகிற கையோடு, வீட்டில் வைக்க முடியாது என்று சொல்லி ஒரு மூட்டை துணியைக் கொண்டுவந்து வைத்த பெண்ணை அவள் வேறென்னவென்று நினைப்பாள்? நான் புருஷனை விட்டுவிட்டு ஓடப் போகிறேன் என்று நினைத்திருக்கிறாள். ஈ எறும்புக்குத் தீங்கு நினைக்காத மனிதர் முகத்தில் கதவைச் சாத்தியதும் அதனால்தான். சிரிப்பு வந்தது. அவள் அக்காவை நினைத்ததும் அது பாதியில் நின்றுபோயிற்று.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் செருப்பை மாட்டி, பையைத் தூக்கிக்கொண்டு, என் முழங்கையைப் பிடித்துவிட்டாள். மாற்ற வேண்டிய துணியை அவள் வீட்டிலேயே மாற்றிக்கொள்ள மட்டும் விட்டாள். பஸ் நிறுத்தம் வரைக்கும் பிடியைத் தளர்த்தவில்லை.

அங்கே நின்றுகொண்டு நான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் அப்பாவிலிருந்து ஆரம்பித்தேன். சைக்கிள், பஞ்சாங்கம், பிலோமின் அக்கா, நல்ல நேரம், கெட்ட நேரம், பை முன்னால் போனால் ஆள் பின்னால் போக வேண்டும் என்பது, டாக்டர் அறையில் என் மகள் மேசைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது, இன்றைக்கு இரண்டு மணித் தேர்வு, என் பயம், எல்லாவற்றையும் சொன்னேன். சொல் கிடைக்காத இடத்தில் கையால் காட்டினேன். ஒரு பஸ் வந்து போனதுகூடத் தெரியவில்லை. இந்த நாட்டுக்கு வந்து நான் நடுவில் யாரையும் கூப்பிடாமல் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

இல்டா கேட்டு முடித்துவிட்டு யோசித்தாள்.

"அப்போ உன் புருஷன் நல்லவனா?"

"ரொம்ப நல்லவர்."

"நேத்து அவன் மூஞ்சில கதவைச் சாத்திட்டேனே."

"பரவாயில்லை."

"சரி. எதுவா இருந்தா என்ன. அதோ பஸ்ஸு. ஏறு."

பையை என் கையில் திணித்துவிட்டு, கதவு மூடுகிற வரைக்கும் நான் இறங்கிவிடாமல் படியிலேயே காவல் நின்றாள்.

8

தேர்வு அறைக்குள் இரண்டு பெண்கள், ஓர் ஆண். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு மணி தாண்டியிருந்தது. ராகு எந்த ஊர்க் கணக்கில் இருந்தாரோ தெரியாது.

ஒரு தடவை அந்த ஆளை "நீ" என்று சொல்லிவிட்டேன். உடனே திருத்திக்கொண்டேன். அவர் புருவத்தைக்கூட அசைக்கவில்லை. நான் இரண்டு வாரம் தூங்காமல் பயந்தது அந்த ஒரு நொடிக்காக. அது வந்ததும் தெரியாமல் போனதும் தெரியாமல் கடந்தது.

நான் தயார் செய்து வைத்திருந்த எந்தக் கேள்வியையும் அவர்கள் கேட்கவில்லை. மூத்த பெண்மணி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: இடுப்பில் அறுவை முடிந்த ஒரு கிழவர். நடந்தால்தான் குணமாகும். எல்லாம் புரிகிறது, ஆனால் பயம். தினமும் நாளைக்கு நடக்கிறேன், நாளைக்கு நடக்கிறேன் என்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?

எனக்கு அந்தக் கிழவரைத் தெரியும். துண்டு போட்டிருப்பார். பார்ப்போம் என்பார்.

"முதல்ல அவருடைய செருப்பை எடுத்து அறைக்கு வெளியே வைப்பேன்" என்றேன்.

மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். ஏன் என்று அந்த ஆண் கேட்டார்.

"பயப்படுகிறவரிடம் பயப்படாதே என்று சொல்லிப் பயன் இல்லை. நானும் அப்படித்தான், எனக்குத் தெரியும். செருப்பு முன்னால் போய்விட்டால் அவர் யோசித்துக்கொண்டே பின்னால் வருவார். நான் பக்கத்தில் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன்."

பிரெஞ்சு எப்படி இருந்ததோ தெரியாது. அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போகலாம் என்றார்.

9

இடம் கிடைத்துவிட்டது. செப்டம்பரில் வகுப்பு. கடிதத்தை அமுதாதான் பிரித்துப் படித்தாள். படித்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "யாரு ஒனக்காகப் பேசினா?" என்று தமிழில் கேட்டாள். நானேதான் என்றேன். கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படிக்கு வந்து, வேலை ஒன்றும் இல்லாமலே என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

என் பயம் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். செப்டம்பரை நினைத்தால் மருந்துப் பெயர்களும் நான் மனதுக்குள் கொன்ற அந்தக் கிழவரும் போலீசும் பழையபடி வந்து போகிறார்கள். அவர்கள் பாட்டுக்கு வரட்டும். அன்று தேர்வு முடிந்து வந்தபோது நான் பையை மாடிக்கு எடுத்துப் போகவில்லை. நேரே இல்டா வீட்டில் கொடுத்தேன். பயணம் இன்னும் முடியவில்லை. அது அவள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, செப்டம்பர் வரைக்கும் இருக்கும். வீட்டுக்காரருக்கு அவள் ஒரு பெரிய கேக் செய்து கொடுத்தனுப்பினாள். எதற்கென்று அவருக்கு இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

போன வாரம் அம்மாவுக்கு எழுதினேன். அப்பாவின் வேட்டி இரண்டு, துண்டு, சொம்பு, சால்வை எல்லாம் ஒரு பையில் போட்டு, நல்ல நேரம் பார்த்து, காரைக்காலில் பிலோமின் அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடு, அங்கிருந்து ஆஸ்பத்திரி நடக்கிற தூரம்தான், அப்பாவிடம் முன்னால் சொல்லாதே என்று.

இந்தப் பத்திரிகையை அப்பாவுக்கு எதிர்வீட்டுப் பிள்ளை வாசித்துக் காட்டுவதாக அம்மா எழுதியிருக்கிறார். இதையும் வாசிப்பான். வாசிக்கட்டும். இது அச்சாகி குரும்பகரம் வந்து சேர்வதற்குள் பை போயிருக்கும்பா.